பேத்தியின் மணிக்கட்டும் ஒரு பழைய சைக்கிளின் போர்க்கும்



கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள். வகுப்பில் கடைசி பெஞ்சில் இருந்தவர்களும் இதைப் படிக்கலாம், கேள்வி கேட்க மாட்டேன்.

மே மாதம் என் தங்கை பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தபோது சைக்கிளில் விழுந்து மணிக்கட்டில் கீறல் விழுந்தது உறவினர்களுக்குத் தெரியும். ஆறு வாரம் மாவுக்கட்டு. எப்படி விழுந்தாள் என்று கேட்டவர்களுக்கெல்லாம், "கல்லில் ஏறி இறங்கியதில் கை நழுவிவிட்டது" என்று சொல்லி வந்தேன். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை.

வரலாற்றுப் பாடத்தில் எந்தப் போரைப் பற்றி எழுதினாலும் உடனடிக் காரணம் வேறு, அடிப்படைக் காரணங்கள் வேறு என்று பிரித்து எழுதச் சொல்லி உங்களைப் பாடாய்ப் படுத்தியவன் நான். அந்த முறையை என் வீட்டு விஷயத்துக்கே பயன்படுத்தாவிட்டால் எப்படி? உடனடிக் காரணம் அந்தக் கல். அடிப்படைக் காரணங்கள் இரண்டு. ஒன்று, அந்த சைக்கிளின் முன்போர்க்கில் இருந்த ஷாக் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. இரண்டாவது காரணம் நான்.

அவள் அப்பா கோவையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், 2007-ல், ஆசைப்பட்டு வாங்கிய மலை சைக்கிள் அது. பல வருஷமாக இங்கே என் வீட்டுக் கொட்டகையில் உருளைக்கிழங்குச் சாக்குக்குப் பின்னால் கிடந்தது. "ஓட்டட்டுமா தாத்தா?" என்று கேட்டாள். துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, இரண்டு டயரிலும் காற்றைக் கல் மாதிரி ஏற்றிக் கொடுத்தேன். டயரை விரலால் தட்டிப் பார்த்து, "டங்"கென்று இருந்தால்தான் நல்ல காற்று என்று நம்பும் தலைமுறை நாங்கள். முன்போர்க்கை ஒரு தடவைகூட அழுத்திப் பார்க்கவில்லை. ஏரிக்கு இறங்கும் மண்பாதையில் பிரேக் பிடித்தபடி வந்தவளுக்கு ஒவ்வொரு கல்லின் அடியும் நேராகக் கைக்கு வந்திருக்கிறது. விரல் மரத்து, பிரேக் நழுவி, விழுந்தாள்.

அவள் அப்பா போனில் ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. "அந்தப் பழைய வண்டியை இரும்புக் கடையில் போட்டுடுங்க மாமா, புதுசு வாங்கிக்கலாம்" என்றான். குறை சொல்லியிருந்தால் மனசுக்கு லேசாக இருந்திருக்கும். வண்டியைப் போடவில்லை. அதை அவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை என்று உட்கார்ந்தேன். அவிழ்க்க அவிழ்க்க அதற்குள்ளிருந்து ஒரு நூற்றைம்பது வருட வரலாறு வெளியே வந்தது.

*முதலில் நம் மலையிலிருந்து தொடங்குவோம்.*

கரடான பாதையில் போனால் அடி விழும். அந்த அடி எங்கேயும் காணாமல் போய்விடாது. யாராவது, அல்லது ஏதாவது ஒன்று, அதை வாங்கித்தான் ஆக வேண்டும். இந்த ஒரு வரியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1845-ல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். அப்போது மேலே வர வண்டிப் பாதை கிடையாது. அடிவாரத்தில் கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து ஒற்றையடிப் பாதை. துரைகளும் துரைசானிகளும் டோலியிலும் நாற்காலியிலும் உட்கார்ந்திருக்க, ஆட்கள் தோளில் சுமந்து ஏறினார்கள். டோலியில் இருந்தவருக்குக் குலுக்கல் தெரியாமல் இருந்ததற்குக் காரணம் சுமந்தவர்களின் முழங்கால். மேடு வந்தால் மடங்கியது, பள்ளம் வந்தால் நீண்டது. இந்த மலையின் முதல் ஷாக் அப்சார்பர் அவர்களுடைய முழங்கால்தான். அந்த முழங்கால்களுக்கு யார் சர்வீஸ் செய்தார்கள் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

பிறகு குதிரைகள், கோவேறு கழுதைகள். பூண்டும் உருளையும் இறக்கியது அவற்றின் முதுகு. முதல் உலகப் போர்க் காலத்தில்தான் வத்தலக்குண்டு பக்கமிருந்து மோட்டார் ஏறும் மலைச்சாலை புழக்கத்துக்கு வந்தது.

*இனி சைக்கிளுக்கு வருவோம்.*

1860-களில் பிரான்சிலும் இங்கிலாந்திலும் ஓடிய ஆரம்பகால மிதிவண்டிக்கு மரச்சக்கரம், அதன்மேல் இரும்புப் பட்டை. ஆங்கிலேயர் அதற்கு வைத்த பட்டப்பெயர் "எலும்பு குலுக்கி". பெயரிலேயே சரித்திரம் இருக்கிறது: அடியை வாங்கியது ஓட்டுபவரின் எலும்பு.

இதைத் தீர்க்க 1885-ல் லண்டனில் லின்லி, பிக்ஸ் என்ற இருவர் "விப்பெட்" என்றொரு சைக்கிள் செய்தார்கள். அதன் சட்டத்திலேயே ஸ்பிரிங். சீட், ஹேண்டில் பார், பெடல் மூன்றும் ஒரே தொகுதியாக ஸ்பிரிங்கின் மேல் மிதக்கும். சக்கரம் கீழே குதித்துக்கொள்ளும். நல்ல யோசனை. கரடான சாலையில் மற்ற சைக்கிள்களை முந்தியது. மலை சைக்கிளில் நாம் இன்று பார்க்கும் தத்துவம் அன்றே இருந்திருக்கிறது.

ஆனால் மூன்றே வருஷத்தில் அதன் கதை முடிந்தது. முடித்தவர் ஒரு கால்நடை மருத்துவர். பெல்பாஸ்டில் இருந்த ஸ்காட்லாந்துக்காரர் ஜான் பாய்டு டன்லப், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக ரப்பர் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் கட்டினார். 1888-ல் காப்புரிமை பெற்றார். (ராபர்ட் தாம்சன் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் 1845-லேயே காற்று டயருக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். அன்று சைக்கிளே இல்லை, மோட்டாரும் இல்லை; உலகம் அதை மறந்தே போய்விட்டது. காலத்துக்கு முன்னால் பிறந்தால் இதுதான் கதி.)

காற்று டயர் வந்ததும் ஸ்பிரிங் சட்டம் தேவைப்படவில்லை. டயர் லேசானது, மலிவானது, கல் பட்ட இடத்திலேயே அடியை விழுங்கிவிடும். மிச்சமிருந்த குலுக்கலுக்குத் தோல் சீட்டுக்கு அடியில் இரண்டு சுருள் ஸ்பிரிங் போதுமானதாக இருந்தது. 1962-ல் அலெக்ஸ் மோல்டன் சிறிய சக்கர சைக்கிளில் ரப்பர் சஸ்பென்ஷன் வைத்தது போன்ற சில முயற்சிகள் நடந்தாலும், பெரும்பாலான சைக்கிள்களில் கிட்டத்தட்ட நூறு வருஷம் ஷாக் என்பதே இல்லை.

நம் ஊர்க் கதையும் அதுவே. 1949-ல் தொடங்கிய அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகள், லூதியானா ஹீரோ, சோனிப்பட் அட்லஸ் எல்லாமே டயரையும் சீட் ஸ்பிரிங்கையும் நம்பி ஓடியவை. கீழ்நாட்டில் மாட்டுவண்டிக்கும் டயர் வந்தது. கட்டை வண்டியில் போனவர்களுக்கு டயர் வண்டியில் போகும் சுகம் என்னவென்று தெரியும். மாட்டுக்கும் தெரிந்திருக்கும்.

*போர்க்குக்குள் எண்ணெய் வந்த கதை*

சஸ்பென்ஷன் சைக்கிளில் மறைந்திருந்த காலத்தில் மோட்டார் சைக்கிளில் வளர்ந்தது. 1935-ல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. தன் வண்டியில் ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் இறங்கும் முன்போர்க்கை, உள்ளே எண்ணெயுடன் வைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. எண்ணெய் ஏன்? அறிவியல் வாத்தியார் சுருள்வில்லில் எடையைத் தொங்கவிட்டு இழுத்துவிட்டது நினைவிருக்கிறதா? அது பாட்டுக்கு மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். ஸ்பிரிங் அடியை வாங்கும், ஆனால் வாங்கியதை அப்படியே திருப்பியும் கொடுத்துவிடும். அந்தத் துள்ளலை அடக்க எண்ணெயைச் சின்ன ஓட்டை வழியாகப் போகவைக்கிறார்கள். எண்ணெய் மெதுவாகப் போகும், துள்ளலின் வேகம் சூடாக மாறித் தணிந்துவிடும். ஸ்பிரிங் வாங்குகிறது, எண்ணெய் தணிக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் சஸ்பென்ஷன்.

1955-ல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டு, திருவொற்றியூரிலிருந்து புல்லட் வரத் தொடங்கியபோது இந்த வகை போர்க்கும் நம் சாலைகளுக்கு வந்தது. ஆயில் சீல், போர்க் ஆயில், புஷ் என்ற சொற்கள் தமிழ்நாட்டுப் பட்டறைகளில் தமிழ்ச் சொற்களாகவே ஆகிவிட்டன. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் வரும்.

*மலை சைக்கிள்*

அமெரிக்காவில் கலிபோர்னியாவில் தமால்பைஸ் என்றொரு மலை. (பெயரில் தமிழ் வாசனை அடிக்கிறதே என்று துள்ள வேண்டாம், அது அந்த மண்ணின் பழங்குடிகள் வழி வந்த பெயர்.) அந்தப் பக்கத்து மலைச்சரிவில் 1976 அக்டோபர் 21 அன்று சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களில் இறங்கும் பந்தயம் ஒன்றை நடத்தினார்கள். சுமார் 400 மீட்டர் இறக்கம். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக். கீழே வருவதற்குள் ஹப்பில் இருக்கும் கிரீஸ் சூட்டில் புகைந்து போய்விடும். ஒவ்வொரு தடவையும் ஹப்பைத் திறந்து புது கிரீஸ் அடைக்க வேண்டும். அந்த "மறுபடி அடைத்தல்" என்பதைக் குறிக்கும் "ரீபேக்" என்ற சொல்லே பந்தயத்துக்கும் பாதைக்கும் பெயராகிவிட்டது. மலை சைக்கிளின் வரலாற்றில் மிகப் பிரபலமான பந்தயத்துக்கு ஒரு பராமரிப்பு வேலையின் பெயர்! இதை வாசித்தபோது கொட்டகையில் கிடந்த வண்டி நினைவுக்கு வந்து எனக்குச் சுருக்கென்றது.

அப்போதும் ஷாக் கிடையாது. மோட்டார் சைக்கிள் பந்தய மெக்கானிக்காக இருந்த பால் டர்னர் 1989-ல் ராக்ஷாக்ஸ் என்ற பெயரில் காற்றும் எண்ணெயும் அடைத்த சைக்கிள் போர்க்கைக் கொண்டுவந்தார். அது சுமார் 5 சென்டிமீட்டர்தான் இறங்கும். பலர் சிரித்தார்கள். 1990-ல் கொலராடோவின் டுராங்கோவில் நடந்த முதல் அதிகாரபூர்வ உலகப் போட்டியில், மலையிறக்கப் பிரிவில் கிரெக் ஹெர்போல்ட் அந்தப் போர்க்குடன் வென்றார். சிரிப்பு நின்றது. 1885-ன் யோசனை நூறு வருஷம் கழித்துத் திரும்பி வந்துவிட்டது.

அதே காலத்தில் எண்ணெய்க்குப் பதிலாக ரப்பர் போன்ற யூரித்தேன் கட்டைகளை அடுக்கிய போர்க்குகளும் வந்தன. விலை குறைவு, ஒழுகாது. ஆனால் குளிரில் அவை மரக்கட்டை மாதிரி இறுகிவிடும், வயதானால் பொடிந்துவிடும். டிசம்பரில் உறைபனி விழுகிற மன்னவனூருக்கு அது எப்படி ஒத்துவரும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டில் ஷாக் வைத்த சைக்கிள் மோகம் வந்த வருஷங்கள் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். முன்னால் ஒன்று, நடுவில் தடித்த ஸ்பிரிங்குடன் இன்னொன்று. "டபுள் ஷாக் சார்!" என்று பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்து குதித்துக் காட்டியவர்களில் ஒருவர் இன்று பெரிய அதிகாரி, பெயர் சொல்ல மாட்டேன். அந்த விலைக்கு வந்த பெரும்பாலான வண்டிகளில் வெறும் ஸ்பிரிங் மட்டுமே இருந்தது, தணிக்கும் எண்ணெய் இல்லை. மேட்டில் மிதித்தால் மிதித்த சக்தியில் பாதி ஸ்பிரிங்குக்கே போனது போல இருக்கும். எடை வேறு. அதனால்தான் தள்ளிக்கொண்டு ஏறினீர்கள்.

*மூஞ்சிக்கல் பட்டறை*

மறுபடி நம் வண்டிக்கு வருகிறேன். கீழே ஒரு பெரிய கடையில் விசாரித்தேன். "இதையெல்லாம் யாரும் சரி பண்றதில்லை சார், போர்க்கையே மாத்திடுங்க" என்றார்கள். சரி, மாற்றலாம் என்று பார்த்தால் அங்கேயும் சிக்கல். இந்த வண்டியின் சக்கரம் 26 அங்குலம். கடந்த பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் உலகம் 27.5, 29 அங்குலத்துக்குப் போய்விட்டது. போர்க்கின் கழுத்துக் குழாய் பழைய வண்டியில் மேலிருந்து கீழ்வரை ஒரே பருமன், புதியவற்றில் பலதும் கீழே பருத்தவை, நம் சட்டத்தில் நுழையாது. நம் வண்டிக்கு ரிம் பிரேக். அதை மாட்டும் குமிழே பல புதிய போர்க்குகளில் இல்லை. சட்டம் 80 மில்லிமீட்டர் இறங்கும் போர்க்குக்காகச் செய்யப்பட்டது. நல்லதாக இருக்கட்டும் என்று 140 மில்லிமீட்டர் போர்க்கை மாட்டினால் வண்டியின் முன்பக்கம் தூக்கிக்கொண்டு, திருப்பமே மாறிப்போகும், கழுத்துப் பகுதிக்கும் கூடுதல் பளு. பெரிதாகப் போடுவதெல்லாம் மேம்பாடு ஆகாது என்று அப்போது புரிந்தது.

கடைசியில் கேரட் ஏற்றிப்போன வேனில் சைக்கிளைப் போட்டுக்கொண்டு மூஞ்சிக்கல் பக்கம் புல்லட் வேலை பார்க்கும் ஒருவரிடம் போனேன். போர்க்கை ஒரு தரம் அழுத்திப் பார்த்தார். "இது புல்லட்டோட பேரப்பிள்ளை சார்" என்றார். கீழே இருந்த இரண்டு போல்ட்டைச் சில சுற்று தளர்த்தி, ரப்பர் சுத்தியலால் தட்டி, கீழ்க்கால்களை உருவினார். பழுப்புத் தண்ணீரும் சேறும் கொட்டின. ஸ்பிரிங் துருவில் சிவந்திருந்தது. அதற்குள் இருந்த யூரித்தேன் கட்டை பழைய கருப்பட்டி மாதிரி விரலில் பொடிந்தது.

உட்குழாயின் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தார். நகம் மாட்டுகிற அளவுக்குக் குழி இருந்தால் துரு ஆழமாகப் போய்விட்டது, சீலை அறுத்துவிடும், காப்பாற்ற முடியாது என்றார். நல்லவேளை, மேலோட்டமான கறைதான். ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தார். "பெட்ரோல், மண்ணெண்ணெய் சீல் மேல படக்கூடாது, ரப்பர் ஊதிப்போகும்" என்றார். 

பொடிந்த கட்டைக்குப் பதில் ஏதாவது ரப்பர் புஷ்ஷை வெட்டி வைத்துவிடலாமா என்று நான்தான் அவசரப்பட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "என் வண்டின்னா வைப்பேன் சார். சின்னப் பொண்ணு ஓட்டப்போவுது. சரியான பார்ட் வரட்டும்."

வரலாறு படித்த எனக்கு வராத நிதானம் அவருக்கு இருந்தது. மூன்று வாரம் தேடியதில் கோவையில் ஒரு பழைய சைக்கிள் கடை அலமாரியில் அதே அளவுக் கட்டை கிடைத்தது. ரப்பருக்குக் கெடுதல் செய்யாத கிரீஸ் போட்டு, தூசி மறைக்கும் சீலைச் சுத்தம் செய்து, திரும்ப மாட்டினார். போர்க் இறங்கியது. இறங்கி, நிதானமாக எழுந்தது.

அதோடு ஒரே ஒரு மேம்பாடு செய்தோம்: சட்டத்துக்கும் போர்க்குக்கும் உரசாத அளவுக்குக் கொஞ்சம் அகலமான டயர், அதில் குறைந்த காற்று. நான் அன்று அழுத்தமானியில் 60 காட்டும்வரை ஏற்றியிருந்தேன். அவள் எடைக்கு 30 தாராளம். ஆக, டன்லப் டாக்டர் 1888-ல் சொன்னதைத்தான் 130 வருஷத்துக்கு மேல் கழித்துத் திரும்பச் செய்தோம். மலிவான, முதல் சஸ்பென்ஷன் இன்றும் டயரில் இருக்கும் காற்றுதான்.

*வீட்டில் ஷாக் வைத்த பழைய சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு வாத்தியாரின் வீட்டுப்பாடம்*

1. முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில் பாரை உடல் எடையோடு அழுத்துங்கள். இறங்கவில்லை என்றாலோ, இறங்கி எழவில்லை என்றாலோ, குழந்தையிடம் கொடுக்காதீர்கள்.

2. அதே நிலையில் வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கால்கள் சேரும் இடத்தில் லொடலொடவென்றால் உள்ளே புஷ் தேய்ந்திருக்கிறது. ஆட்டம் கழுத்தில் தெரிந்தால் அது கப்பு கோன், வேறு வேலை.

3. ஓட்டுபவர் ஏறி உட்கார்ந்ததும் போர்க் தன் மொத்த இறக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ அமிழ வேண்டும். 80 மில்லிமீட்டர் போர்க் என்றால் 16 முதல் 20 மில்லிமீட்டர். அப்பாவுக்காகப் போட்ட ஸ்பிரிங் பிள்ளையின் எடைக்கு அமிழாது.

4. உட்குழாயை ஒவ்வொரு சவாரிக்குப் பின்னும் உலர்ந்த துணியால் துடையுங்கள். எண்ணெய் உள்ள போர்க்குகளுக்கு 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கீழ்க்கால்களைக் கழற்றி எண்ணெய் மாற்றச் சொல்லித் தயாரிப்பாளர்கள் சிலர் கையேட்டிலேயே எழுதுகிறார்கள். காற்று போர்க்கைக் காற்றை இறக்காமல் கழற்றவே கூடாது.

5. ஓட்டாமல் வைப்பதும் கெடுதல். ஈரக் கொட்டகையில் ஒரு மழைக்காலம் போதும்.

காலாண்டு விடுமுறைக்குப் பேத்தி மறுபடி வந்தாள். கட்டுப் பிரித்த கை சற்று மெலிந்திருந்தது. வண்டியைக் காட்டினேன். நான் சொல்லாமலேயே முன்பிரேக்கைப் பிடித்து இரண்டு தரம் அழுத்திப் பார்த்தாள். அப்புறம், "தாத்தா, நீங்க முதல்ல ஓட்டிக் காட்டுங்க" என்றாள். நியாயம்தானே. எழுபதைத் தாண்டிய வயதில் ஆட்டுப் பண்ணை ரோடு வரைக்கும் ஓட்டிக் காட்டினேன். கை மரக்கவில்லை. பிறகுதான் அவள் ஏறினாள்.

இத்தனை வருஷம் காரணங்களைப் பற்றிப் பாடம் நடத்தினேன். நாம் கவனிக்காமல் விட்டதன் அடியை யாரோ ஒருவர் எங்கேயோ வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார் என்பதை ஒரு பன்னிரண்டு வயதுப் பெண்ணின் மணிக்கட்டு சொல்லித்தான் படித்தேன். மருமகனே, இதைப் படிக்கிறாய் என்று தெரியும். நேரில் சொல்ல வாய் வரவில்லை. தப்பு என்னுடையது. வண்டி இப்போது சரியாக இருக்கிறது.

மற்றவர்கள் உங்கள் முதல் சைக்கிளைப் பற்றிக் கீழே எழுதுங்கள். அந்த "டபுள் ஷாக்" அதிகாரியும் எழுதலாம்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்